உடம்பில் ஏறிய அமிலமே எல்லா நோய்க்கும் வேர் என்று கற்றுத்தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். உங்களில் ஒருவருடைய வகுப்புக்கு என் அக்கா ஏழு மாதம் வந்தாள். வண்டியில் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை வெளியில் காத்திருந்து, திரும்ப அழைத்துப் போனவன் நான். கதவு திறந்தே இருக்கும் என்பதால் பாதிப் பாடம் என் காதிலும் விழும். எனவே நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரியாமல் எழுதவில்லை. அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லப்போவதும் இல்லை. இதே பாடத்தைப் பலர் பல இடங்களில் எடுக்கிறீர்கள். எல்லோருக்குமாகத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 17 வயதில் சர்க்கரை நோய் வந்தது. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற முதல் வகை. 21 வருடமாக ஒரு நாளைக்கு நாலு ஊசி. அத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் அவளோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. ரிப்போர்ட்டைப் பார்ப்பார்கள், மருந்தின் அளவை மாற்றுவார்கள், அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். உங்கள் வகுப்பில் முதல் நாளே ஒரு மணி நேரம் அவள் பேச, அந்த ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். மனசில் இருந்த பாரம் இறங்கிய அழுகை அது. அதற்கு இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன். அப்புறம் காய்கறி கூடியது, பொரித்ததும் இனிப்புப் பானங்களும் குறைந்தன. காலையில் நடக்க ஆரம்பித்தாள். நேரத்தோடு தூங்கினாள். சர்க்கரை அளவு ஓரளவு கட்டுக்குள் வந்தது, இன்சுலினும் முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகவே தேவைப்பட்டது. இதையெல்லாம் நான் மறுக்கவே மாட்டேன்.

கெடுதல் வந்தது, உடம்பில் அமிலம் குறைந்ததால்தான் இந்த நல்லது நடந்தது என்று நீங்கள் கொடுத்த விளக்கத்தில்.

நீங்கள் கொடுத்த பட்டைத் தாள்களை அவள் தினமும் காலை முதல் சிறுநீரில் நனைத்து, காயவைத்து, ஒரு நோட்டில் தேதி போட்டு ஒட்டி வைப்பாள். மஞ்சள் என்றால் அமிலம், பச்சை நடுவில், நீலம் வந்தால் காரம். மஞ்சள் வந்த நாளில் முகம் வாடிவிடும். முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துப் பட்டைக்குப் பக்கத்திலேயே பென்சிலில் எழுதுவாள். ‘நேற்று கோபப்பட்டேன்’ என்றுகூட ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறாள். கோபப்பட்டதால் மஞ்சள் வந்துவிட்டது என்று நம்பியிருக்கிறாள்.

அந்தத் தாள் எதை அளக்கிறது? சிறுநீரகம் வெளியே தள்ளியதை அளக்கிறது. வாசலில் குப்பைக்கூடை நிறைந்திருந்தால் வீட்டைப் பெருக்கி வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? அமிலமா காரமா என்று சொல்லும் அளவுக்குப் பெயர் பிஎச்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். சிறுநீரின் பிஎச் 4.5-லிருந்து 8 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ராத்திரி முழுக்கச் சேர்ந்த காலைச் சிறுநீர் பெரும்பாலும் அமிலமாகத்தான் இருக்கும், நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கும் அப்படித்தான். சாப்பிட்ட பிறகு, இரைப்பை அமிலம் சுரக்கும்போது அதற்கு ஈடாக ரத்தத்தில் பைகார்பனேட் என்ற காரப் பொருள் சேர்வதால், சிறுநீர் கொஞ்ச நேரத்துக்குக் காரப் பக்கம் சாயும். நோட்டில் இருந்த மஞ்சளில் முக்கால்வாசிக்குக் காரணம், காலையில் சோதித்தது.

ரத்தத்தின் கதை வேறு. அதன் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். டென்மார்க்கின் சோரன்சன் 1909-ல் வகுத்த இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. அப்படியானால் பிஎச் 5 காட்டும் மஞ்சள் சிறுநீர், ரத்தத்தைவிடச் சுமார் 250 மடங்கு அமிலம். அந்த 250 மடங்கை வெளியே அனுப்பித்தான் ரத்தத்தை 7.4-ல் நிறுத்தி வைத்திருக்கிறது சிறுநீரகம். மஞ்சள் பட்டையைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்!

இந்த வேலையில் பெரிய பங்கு உணவுக்கு இல்லை, மூச்சுக்குத்தான். ரத்தத்தில் கரைந்து அமிலமாகி, மூச்சில் வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. செல்கள் ஒரு நாளில் அதை ஏறக்குறைய 15,000 மில்லிமோல் உண்டாக்குகின்றன. சாப்பாட்டிலிருந்து வந்து சிறுநீரகம் வழியாகப் போகவேண்டிய மற்ற அமிலம், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிமோல் அளவுதான். ரத்தத்தை நிஜமாகவே காரப் பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டுமா? வேகமாக, ஆழமாக ஒரு சில நிமிடம் மூச்சு வாங்கினால் போதும். உதட்டைச் சுற்றி மதமதக்கும், விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும், தலை சுற்றும், கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். தயவுசெய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம். பதற்றத்தில் மூச்சு வாங்கி அவசர சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு நடப்பது இதுதான். காரம் கூடக்கூட உடம்புக்குச் சுகம் என்பது உண்மையானால் அவர்கள்தான் உலகத்திலேயே நலமானவர்கள்.

நம் பேச்சு வழக்கும் சேர்ந்து குழப்புகிறது. அசிடிட்டி என்று நாம் சொல்வது நெஞ்செரிச்சலையும் புளித்த ஏப்பத்தையும். இரைப்பையில் இருக்கவேண்டிய அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறினால் வரும் தொல்லை அது. ரத்தத்தின் அமிலநிலைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் வகுப்பில் “உங்களுக்கு அசிடிட்டி இருக்கிறதா?” என்று கேட்டதும் பத்தில் எட்டுக் கை தூக்கும், அடுத்த வாக்கியத்திலேயே அது ரத்தத்தின் அமிலமாக மாறிவிடும். காரம் என்ற சொல்லும் அப்படித்தான். மிளகாயில் இருப்பதும் காரம், அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பதும் காரம். ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்த பெரியவர் ஒருவர், “தம்பி, காரம் நிறைய சேர்த்துக்கச் சொல்றாங்க. எனக்கு அல்சர் ஆச்சே?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மேடையில் இருப்பவர்கள் அந்தச் சொல்லை விளக்கியிருக்க வேண்டும்.

இரைப்பையின் பிஎச் 1.5 முதல் 3.5 வரை. புரதம் செரிக்கவும் உணவோடு வரும் கிருமிகள் சாகவும் அந்த அமிலம் தேவை. நீங்கள் குடிக்கச் சொல்லும் காரத் தண்ணீர் அங்கே போய் விழுந்தால் என்ன ஆகும்? வெறும் பிஎச்சை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், பிஎச் 9 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைச் சமன் செய்ய, பிஎச் 2 உள்ள இரைப்பை அமிலம் ஒரு மில்லிலிட்டர் போதும். ஒரு லிட்டருக்கு இருபது சொட்டு.

இனி அந்த ராத்திரியைப் பற்றி.

ஏழாவது மாதம், “இன்சுலின் வெறும் ஒட்டுப்போடும் வேலை, அமிலத்தை எடுத்துவிட்டால் கணையம் தானே விழித்துக்கொள்ளும்” என்று அந்த ஆசிரியர் சொன்னார். நாலு ஊசி இரண்டானது, பிறகு ஒன்றானது. கடைசியில் மூன்று நாள் காய்கறிச் சாறு மட்டும், ஊசியே வேண்டாம் என்றார். இரண்டாம் நாள் தாங்க முடியாத தாகம், வாந்தி. போன் போட்டேன். “நல்ல அறிகுறி. கழிவு வெளியேறுகிறது. கால் ஸ்பூன் சோடா உப்பைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்” என்றார். கொடுத்தேன். என் கையால்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி அவள் படுத்தபடியே, மாடிப்படி ஏறி வந்தவள் போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினாள். மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாசனை. மறுபடி போன் செய்தேன். “பயப்படாதீர்கள், உடம்பு அமிலத்தை வெளியேற்றுகிறது” என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் 1874-ல் எழுதிவைத்த மூச்சு அது. ரத்தத்தில் ஏறும் அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்ற நுரையீரல் கடைசி மூச்சாகப் போராடுவது. அமிலம் வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே அதைவிட வேகமாக உற்பத்தியாகிக்கொண்டும் இருந்தது. இன்சுலின் இல்லாவிட்டால் செல்களால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது. உடம்பு கொழுப்பைக் கரைக்கும், கல்லீரல் அதைக் கீட்டோன் அமிலங்களாக மாற்றிக்கொண்டே போகும். அமிலத்தைக் குறைக்க வந்த இடத்தில், அவள் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவள் ரத்தம் நிஜமாகவே அமிலப் பக்கம் சரிந்தது.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் கட்டில் பக்கம் வந்ததுமே வாசனையைக் கண்டுபிடித்துவிட்டார். அவரும் ஒரு பட்டைத் தாளைத்தான் சிறுநீரில் நனைத்தார். அது கீட்டோனைக் காட்டும் தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருஞ்சிவப்பாகி, ஊதாவாக இருண்டது. மணிக்கட்டில் எடுத்த ரத்தத்தில் பிஎச் 7.06. பைகார்பனேட் 22-க்கு மேல் இருக்க வேண்டியது 5.

ஏழு மாதப் பாடம் கேட்டவன் அல்லவா, “காரம் ஏற்றுவீர்களா?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். “பிஎச் இன்னும் கீழே போனால் யோசிப்போம். இப்போது தேவை இன்சுலினும் உப்புத் தண்ணீரும் பொட்டாசியமும்தான். இன்சுலின் போனதும் அமிலம் உண்டாவது நிற்கும். இருக்கிற கீட்டோன் எரியும்போது பைகார்பனேட் தானாகத் திரும்பி வரும்.” மறுநாள் சாயங்காலம் 7.36. காரம் என்று சொல்லத்தக்க எதையும் ஒரு துளிகூட ஏற்றவில்லை.

அமிலம் காரணமா, விளைவா என்ற கேள்வி ஏற்கெனவே உயிரைப் பணயம் வைத்து சோதித்துப் பார்த்த கேள்வி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் மருத்துவர்கள், சர்க்கரை நோயாளி மயங்கிச் சாவது அமிலத்தால் என்று கண்டுபிடித்ததும், நீங்கள் சொல்கிற வைத்தியத்தையே செய்தார்கள். சோடா பைகார்பனேட்டை வாயிலும் ரத்தக்குழாயிலும் கொடுத்தார்கள். ஒரு சிலர் கொஞ்ச நேரம் தெளிந்தார்கள், அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு, ஆய்வாளர்கள் பான்டிங்கும் பெஸ்ட்டும் தொடங்கிவைத்து கோலிப் சுத்தப்படுத்திக் கொடுத்த கணையச் சாற்றை, அதாவது இன்சுலினை, ஊசியில் போட்டபோதுதான், சிறுநீரில் கீட்டோன் மறைந்தது. வேரைத் தொட்டதும் அமிலம் போனது.

இந்தப் பாடம் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் படித்தேன். எனக்குப் பிடித்த கதை முயல் கதை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளோத் பெர்னார், சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்த முயல்களின் சிறுநீர் வழக்கத்துக்கு மாறாகத் தெளிவாகவும் அமிலமாகவும் இருப்பதைக் கவனித்தார். புல் தின்னும் விலங்குக்கு அது கலங்கலாகவும் காரமாகவும் இருக்க வேண்டும். பட்டினியில் கிடந்து தன் சதையையே எரித்து, இறைச்சி தின்னும் விலங்கு போல ஆகிவிட்டன போல என்று யோசித்து, புல் போட்டார். கலங்கலும் காரமும் திரும்பின. எவ்வளவு அழகான கவனிப்பு! உணவு சிறுநீரை மாற்றும் என்பது அன்றைக்கே தெரிந்த உண்மை. பிறகு வந்தவர்கள் உணவை எரித்துச் சாம்பலைச் சோதித்து ‘அமில உணவு’, ‘கார உணவு’ என்று பிரித்தார்கள். எலுமிச்சை நாக்கில் புளித்தாலும் சிறுநீரைக் காரமாக்குவது இப்படித்தான். அதிலுள்ள சிட்ரேட்டைக் கல்லீரல் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. அதுவரை சரி. சிறுநீர் மாறினால் ரத்தமும் மாறும், ரத்தம் மாறினால் நோய் தீரும் என்று தாவியதற்குத்தான் ஆதாரமே இல்லை.

புற்றுநோய்க்கு நீங்கள் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க்கைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். ‘அமில உடம்பில்தான் புற்றுநோய் வரும் என்று கண்டுபிடித்து நோபல் வாங்கினார்’ என்று சொல்கிறீர்கள். 1931-ல் அவருக்கு நோபல் கிடைத்தது செல்களின் சுவாசத்துக்கான நொதியின் தன்மையைக் கண்டறிந்ததற்காக. புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருந்தாலும் சர்க்கரையைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலத்தை வெளியே கொட்டுகின்றன என்று அவர் கண்டது உண்மை, பெரிய கண்டுபிடிப்பும்கூட. ஆனால் கட்டியைச் சுற்றியுள்ள அந்த அமிலத்தை உண்டாக்குவதே கட்டிதான். அந்தச் செல்லின் உட்புறமோ சாதாரணச் செல்லைவிடச் சற்றே காரப் பக்கம் இருக்கும். உணவின் அமிலச் சுமைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2016-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு தேடியபோது, தகுதியான ஆய்வு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றியது, அதிலும் தொடர்பு தெரியவில்லை. அமில உணவால் எலும்பிலிருந்து கால்சியம் கரைகிறது என்ற வாதமும் இதே போலத்தான், தொகுத்துப் பார்த்தபோது நிற்கவில்லை.

நீங்கள் சொல்வதில் உண்மையான இடமும் ஒன்று உண்டு. நாள்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரகம் பழுதானால் அமிலம் நிஜமாகவே தேங்கும். அதை ரத்தத்தில் பைகார்பனேட்டை அளந்து கண்டுபிடிப்பார்கள். 2009-ல் லண்டனில் 134 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சோடியம் பைகார்பனேட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்தது. பிறகு வந்த எல்லா ஆய்விலும் அதே பலன் கிடைக்கவில்லை என்றாலும் அது முறையான சிகிச்சைதான். பழமும் காய்கறியும் கூட்டினாலே அமிலச் சுமை குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இதே நோயாளிக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கினால் இதயம் நின்றுவிடலாம். நீங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும், பொட்டாசியம் நிறைந்த ஒரு டம்ளர் பச்சைச் சாறு ஒருவருக்கு உணவு, பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு ஆபத்து. சிறுநீரகக் கல்லிலும் இப்படித்தான். யூரிக் அமிலக் கல் உள்ளவருக்குச் சிறுநீரைக் காரமாக்குவது நல்ல வைத்தியம், டாக்டர்களே பொட்டாசியம் சிட்ரேட் தருகிறார்கள். கால்சியம் பாஸ்பேட் கல்லோ காரச் சிறுநீரில்தான் வளரும். நீலப் பட்டையைப் பார்த்து இருவரும் சேர்ந்து கைதட்டக் கூடாது.

சோடா உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு டீஸ்பூனில் சோடியம் 1,200 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு மொத்தமே 2,000-க்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தமோ இதய பலவீனமோ உள்ளவர் தினமும் இதைக் குடித்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அளவு மீறினால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தை உலகமெங்கும் பரப்பிய ராபர்ட் யங்கின் வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். உரிமமின்றி மருத்துவம் பார்த்த வழக்கில் 2016-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பிறகு சிறை போனார். அவரை நம்பி முறையான சிகிச்சையைத் தவிர்த்த மார்பகப் புற்றுநோயாளி ஒருவருக்கு 10.5 கோடி டாலர் தரவேண்டும் என்று 2018-ல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. உங்களை மிரட்ட இதை எழுதவில்லை. என் அக்காவுக்குப் பாடம் எடுத்தவர் பணத்துக்காக ஏமாற்றினார் என்றும் நான் நினைக்கவில்லை. தன் அம்மாவுக்கும் அவர் அதே சோடா உப்பைக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். நம்பித்தான் சொல்கிறார். எனவேதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடமும் ஒரு வார்த்தை. உங்களிடம் கிடைக்காத அந்த ஒரு மணி நேரத்தைத் தேடித்தான் அக்கா அங்கே போனாள்.

ஆசிரியர்களே, வகுப்பை மூடிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. காய்கறி, நடை, தூக்கம், காது கொடுத்துக் கேட்பது, எல்லாம் இருக்கட்டும். டாக்டர் கொடுத்த மருந்தின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். இன்சுலின், வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை, எதைக் குறைக்க வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்தவரிடமே அனுப்புங்கள். சாறோ உப்போ சொல்வதற்கு முன் சிறுநீரகம் எப்படி, அழுத்தம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் எதுவும் சொல்லாதீர்கள். ‘கழிவு வெளியேறுகிறது’ என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பாடத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். நோய் குறைந்தாலும் அமிலம் போகிறது, கூடினாலும் அமிலம் போகிறது என்றால், ஒருவர் சாகக் கிடக்கிறார் என்பது உங்களுக்கு எப்படித்தான் தெரியும்? வாந்தி, மூச்சு வாங்கல், மயக்கம், குழப்பம் என்று யாராவது போன் செய்தால், “உடனே மருத்துவமனைக்குப் போங்கள்” என்று சொல்லுங்கள். அன்றைக்கு இரண்டாவது போனிலாவது அதைச் சொல்லியிருந்தால் அக்கா இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்திருக்க மாட்டாள்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். நாலு ஊசியும் போடுகிறாள், காலையில் நடக்கவும் செய்கிறாள். பட்டை ஒட்டிய நோட்டில் ஒன்பது பக்கம் மிச்சம் இருந்தது. சர்க்கரை அளவையும் ஊசியின் அளவையும் அதில்தான் எழுதுகிறாள். முன் பக்கங்களில் இருக்கும் மஞ்சள் பட்டைகளைக் கிழித்துப் போடவில்லை. உங்களுக்குச் சம்மதம் என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் உங்கள் வகுப்புக்கு வந்து பேசுகிறேன் என்கிறாள். தேதி சொல்லுங்கள், நானே கூட்டிவந்து விடுகிறேன். வழக்கம் போல வெளியில் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் தம்பி